அடுப்படிப் புகையும் நாடு கொடுத்த வாக்கும்



சீகிரியாவைப் பார்க்காதவர்கள் உங்களில் மிகச் சிலரே இருப்பர். பாடசாலைச் சுற்றுலாவிலோ, பெருநாள் விடுமுறையில் குடும்பத்தோடு வேன் பிடித்தோ, தம்புள்ளையைக் கடந்து இனாமலுவையில் திரும்பி அந்தக் குன்றின் அடிவாரத்தை அடைந்திருப்பீர்கள். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அந்தப் பாறையின் உச்சியில் அரண்மனை அமைத்தான். சிங்கத்தின் பாதங்களையும் சுவரோவியங்களையும் கண்டு வியக்கும் நாம், கீழேயுள்ள நீர்த்தோட்டத்தை மாத்திரம் அவசரமாகக் கடந்து விடுகிறோம். உண்மையில் அங்கேதான் நின்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் அங்குள்ள நீரூற்றுகள் இன்றும் இயங்குகின்றன. உச்சியில் விழுந்த மழைநீரையும் பாறையில் தடாகம் வெட்டித் தேக்கியிருக்கிறார்கள். வானம் தருவதை வீணாக்கினால் வரண்ட பிரதேசத்தில் வாழ முடியாது என்பதை அந்த மக்கள் அறிந்திருந்தார்கள்.

மழையைத் தேக்கி வைக்கலாம். காற்றைத் தேக்கி வைக்க எவராலும் முடியாது. அதைக் கெட்டுப்போகாமல் காக்க மட்டுமே முடியும். அப்படிக் காப்பதற்காக நமது நாடு உலகத்தின் முன்னிலையில் சில வாக்குகளைக் கொடுத்திருக்கிறது. அவை என்ன, அவற்றுக்கும் நமது வீட்டுக் குசினிக்கும் என்ன தொடர்பு என்பதையே இங்கு எழுத முனைகிறேன்.

"இதெல்லாம் அமைச்சர்களும் விஞ்ஞானிகளும் பேச வேண்டிய விஷயம். உலை வைக்கும் எனக்கு எதற்கு?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். புகையை நாளுக்கு மூன்று வேளை முகத்துக்கு நேரே வாங்கிக்கொள்பவர் அமைச்சர் அல்லர். நீங்கள்தாம்.

காற்றுக்கு வேலி இல்லை

2022 டிசம்பர் மாதத்தின் இரண்டாம் வாரத்தை நினைவிருக்கிறதா? வங்காள விரிகுடாவில் 'மாண்டஸ்' புயல் உருவாகியிருந்த நேரம். நாட்டின் பல நகரங்களில் காற்று திடீரெனக் கெட்டது. வானம் சாம்பல் நிறமாய்க் கிடந்தது. இந்தியாவின் பக்கமிருந்து அசுத்தக் காற்று இழுத்துவரப்பட்டதே காரணம் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். டிசம்பர் 9ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. நம் வீட்டு அடுப்போ, நம் தெருவின் பஸ்ஸோ அன்று புதிதாக எதையும் செய்துவிடவில்லை. கடலுக்கு அப்பாலிருந்து வந்த புகைக்காக நமது பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடந்தார்கள்.

ஒரு நாடு தனியாக நின்று தன் காற்றைக் காத்துக்கொள்ள இயலாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இதை உணர்ந்துதான் 1998ஆம் ஆண்டு மாலைத்தீவின் தலைநகர் மாலேயில், எல்லை கடந்து பரவும் காற்று மாசைக் கட்டுப்படுத்த ஒரு பிரகடனம் செய்யப்பட்டது. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், பூட்டான், மாலைத்தீவு, ஈரான் ஆகிய எட்டு நாடுகள் அதில் சேர்ந்தன. ஆனால் அது மீறினால் தண்டனை உண்டு என்ற கட்டாயச் சட்டம் அல்ல. ஒன்றுசேர்ந்து அளப்போம், ஆராய்வோம், தடுப்போம் என்ற இணக்கம் மட்டுமே. அண்டை வீட்டார் இருவர் வேலியோரம் நின்று பேசி வைத்த பேச்சுப் போன்றது. பேச்சின் மதிப்பு பேசியவர்களின் நாணயத்தில்தான் இருக்கிறது.

நிறைவேறிய வாக்கு ஒன்று

"உலக மாநாடுகளில் பேசுவார்கள், கலைந்து போவார்கள், ஒன்றும் நடக்காது" என்று சொல்பவர்கள் உண்டு. முற்றிலும் அப்படியல்ல. பழைய குளிர்சாதனப் பெட்டிகளில் ஒரு வகை வாயுவை அடைத்திருந்தார்கள். அது வெளியேறி, சூரியனின் தீய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரித்தது. அந்த வாயுக்களை ஒழிக்க 1987இல் கனடாவின் மொன்றியல் நகரில் உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டது. இலங்கை 1989 டிசம்பரில் அதில் இணைந்தது. நம்மைப் போன்ற வளர்முக நாடுகளுக்கு 2010ஆம் ஆண்டு வரை தவணை தரப்பட்டது. பணக்கார நாடுகள் முந்திக்கொண்டு செய்ததோடு, மற்றவர்களுக்கு உதவ ஒரு நிதியையும் ஏற்படுத்தின. இன்று ஓசோன் படலம் மெல்ல மெல்லக் குணமாகி வருகிறது. உலகின் பெரும்பகுதியில் அது ஏறக்குறைய 2040ஆம் ஆண்டளவில் 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று 2023இல் ஐக்கிய நாடுகள் சபையின் அறிஞர் குழு கூறியது.

உள்நாட்டிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. வாகனப் புகையோடு வெளிவரும் ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2002ஆம் ஆண்டு அது நிறுத்தப்பட்டது. 2008 முதல் வாகனங்களுக்குப் புகைப் பரிசோதனை கட்டாயமாகியது. உங்கள் கணவரோ மகனோ ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்குமுன் புகைச் சான்றிதழுக்காக வரிசையில் நிற்கிறாரே, அதன் காரணம் இதுதான்.

பரிஸில் கொடுத்த வாக்கு

இனிப் பெரிய வாக்குக்கு வருவோம். நிலக்கரி, பெற்றோல், டீசல் ஆகியவற்றை எரிக்கும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டு, பூமியைப் போர்வை போலச் சுற்றிக்கொண்டு வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கிறது. காலநிலை தடுமாறுகிறது. இதற்காக 1992இல் ஓர் உலக ஒப்பந்தம் உருவாயிற்று. இலங்கை 1993இல் அதை உறுதிப்படுத்தியது. பின்னர் 2015இல் பரிஸ் உடன்படிக்கை வந்தது. இலங்கை 2016 ஏப்ரலில் கையொப்பமிட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் உறுதிப்படுத்தியது.

பரிஸ் உடன்படிக்கையின் விசேடம் என்னவென்றால், எந்த நாடு எவ்வளவு குறைக்க வேண்டும் என்று மேலிருந்து எவரும் கட்டளையிடுவதில்லை. ஒவ்வொரு நாடும் தன்னால் இயன்றதைத் தானே எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை அதைத் திருத்தி, முன்னையதைவிட உயர்த்திக் கொடுக்க வேண்டும். நமது நாடு 2021இல் திருத்திக் கொடுத்த பத்திரத்தில் இருந்தவற்றுள் முக்கியமானவை இவை: 2030க்குள் பச்சைவீட்டு வாயுக்களை 14.5 சதவீதம் குறைத்தல்; நீர், சூரியன், காற்று போன்ற தீர்ந்துபோகாத மூலங்களிலிருந்து 2030இல் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் பெறுதல்; புதிதாக நிலக்கரி மின் நிலையம் கட்டாதிருத்தல்; நாட்டின் நிலப்பரப்பில் காடுகளின் அளவை 32 சதவீதமாக உயர்த்துதல்.

அந்த 14.5 சதவீதத்தைச் சற்று விளங்கிக்கொள்ளுங்கள். இன்று வெளியேறும் புகையில் குறைப்பதாக அதற்குப் பொருளல்ல. ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் எவ்வளவு ஏறியிருக்குமோ, அதிலிருந்து குறைப்பதாகவே பொருள். வளர்கின்ற பிள்ளைகள் உள்ள வீட்டில் செலவு கூடத்தான் செய்யும். கூடவிருக்கும் செலவில் ஒரு பங்கை மிச்சம் பிடிப்போம் என்று தீர்மானிப்பதைப் போன்றது இது. அந்த 14.5இலும் 4 சதவீதத்தைத்தான் நாமாகவே செய்வோம் என்றோம். மிகுதி 10.5 சதவீதம், வெளிநாட்டு உதவி கிடைத்தால் செய்வோம் என்ற நிபந்தனையோடு எழுதப்பட்டது.

இப்படி நிபந்தனை போடுவது நியாயமா? நியாயமே. இலங்கையர் ஒருவரின் பங்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு தொன் காபனீரொட்சைட்டு. உலக சராசரியோ நான்கு தொன்னுக்கும் மேல். அதிகம் எரித்தவர்கள் வேறு யாரோ. 2020 முதல் ஆண்டுதோறும் பத்தாயிரம் கோடி டொலர் வறிய நாடுகளுக்குத் திரட்டித் தருவதாக 2009இல் பணக்கார நாடுகள் வாக்களித்தன. அந்தத் தொகை முதன்முறையாக எட்டப்பட்டது 2022இல்தான். வாக்குக் கொடுத்தவர் தாமதித்தால் அதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதை நாம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைப் பறித்தது. மலைநாட்டில் மண்சரிவுகள் ஊர்களை மூடின. ஒரு தனிப் புயலுக்கு இன்னதே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சூடேறிய கடலும் சூடேறிய காற்றும் கூடுதலான நீரைச் சுமக்கும், கூடுதலான மழையைக் கொட்டும் என்பது விஞ்ஞானிகள் ஐயமின்றிச் சொல்லும் உண்மை.

மழை பொய்த்தால் புகை கூடும்

இதை மாத்தளை மாவட்டத்தை வைத்தே விளக்கலாம். சீகிரியாவைச் சூழவுள்ள கிராமங்கள் வடகீழ்ப் பருவ மழையை நம்பியவை. அந்த மழையில் குளம் நிறைந்தால் பெரும்போகம் விளையும். இல்லையேல் வயல் தரிசு. இதே மாவட்டத்தில் 2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கம் வயலுக்கு நீரும் தருகிறது, 25 மெகாவாட் மின்சாரமும் தருகிறது.

மழை பொய்த்த வருடத்தில் என்ன நடக்கிறது? நீர்மின் நிலையங்கள் ஓய்ந்துவிடும். மின்வெட்டைத் தவிர்க்க, 900 மெகாவாட் கொள்ளளவுள்ள நுரைச்சோலை நிலையத்தில் நிலக்கரியும், ஏனைய நிலையங்களில் எண்ணெயும் அதிகமாக எரிக்கப்படும். அதற்கு டொலர் வேண்டும். புகையும் கூடும். அந்தப் புகை காலநிலையை மேலும் கெடுக்கும். 2016, 2017 வரட்சியில் இந்தச் சுழலைக் கண்டோம். நெல் விளைச்சல் வீழ்ந்து, வெளிநாட்டு அரிசியை இறக்கவும் நேர்ந்தது. ஆகவே 70 சதவீதம் என்ற அந்த இலக்கு வெறும் எண் அல்ல. உங்கள் வீட்டு மின்சாரப் பட்டியலும் அரிசி விலையும் அதனுள் அடங்கியிருக்கின்றன.

மூதூருக்கு அருகே சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் அமைக்கும் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கான வேலை 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது. வாக்கு செயலாகும் விதம் இதுதான்.

கணக்கில் சிறிதாய்த் தெரியும் அடுப்பு

இவ்வளவும் சொன்ன பிறகு, இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். அரசாங்கப் பத்திரங்கள் மின் நிலையங்களையும் வாகனங்களையும் காடுகளையும் பெரிதாகக் கணக்கிடுகின்றன. ஆனால் பெண்களின் நெஞ்சுக்குள் போகும் புகையில் பெரும்பங்கு தொழிற்சாலையிலிருந்து வருவதல்ல. சொந்த அடுப்பிலிருந்து வருவது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையின் பத்து வீடுகளில் ஏழுக்கும் அதிகமானவற்றில் விறகே பிரதான எரிபொருளாக இருந்தது. பின்னர் கேஸ் அடுப்புகள் பெருகின. 2021 இறுதியிலும் 2022இலும் சிலிண்டர்கள் வெடித்ததையும், வெற்றுச் சிலிண்டரோடு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும் மறக்க முடியுமா? அப்போது நகரத்து வீடுகளிலும் மூன்று கற்களை அடுக்கி, தென்னம் பாளையும் மட்டையும் பொறுக்கி எரித்தார்கள்.

அந்தப் புகையில் என்ன இருக்கிறது? தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கேயான நுண்துகள்கள் இருக்கின்றன. மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழத்துக்குச் சென்று, இரத்தத்திலும் கலப்பவை அவை. இத்துகள் ஒரு கன மீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேற்படக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது. 2008இல் இலங்கை வகுத்த வரம்பு 25 மைக்ரோகிராம். புகைபோக்கியில்லாத விறகுக் குசினியில் உலை கொதிக்கும் நேரத்தில் இரண்டு வரம்புகளும் எங்கோ பின்தங்கிவிடும். சிறு பிள்ளைகளுக்கு நியுமோனியா, பெரியவர்களுக்கு நாட்பட்ட நுரையீரல் நோய், மாரடைப்பு, பாரிசவாதம், கண்ணில் வெண்புரை, கர்ப்பிணிகளுக்கு எடை குறைந்த குழந்தை - இவை அதன் விளைவுகள். வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் மரணித்ததாக அந்நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இரண்டு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகம்.

"எங்கள் உம்மா, உம்மும்மா எல்லாரும் இந்தப் புகையில்தானே சமைத்தார்கள்?" என்பீர்கள். ஆம், சமைத்தார்கள். முதுமையில் அவர்கள் விட்டு விட்டு இருமியதையும், கண் மங்கியதையும் "வயசாகிவிட்டது" என்று நாம் சொல்லிக்கொண்டோம்.

இன்னுமொரு நுட்பத்தைக் கவனியுங்கள். விறகுப் புகையிலுள்ள கரித்துகளும் வெயிலின் வெப்பத்தை உறிஞ்சி வளிமண்டலத்தைச் சூடாக்குகிறது. காபனீரொட்சைட்டு காற்றில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். கரித்துகளோ சில நாட்களில், சில வாரங்களில் கீழே படிந்துவிடும். எனவே கரியைக் குறைத்தால் பலன் உடனே தெரியும். கேஸுக்கு மாறுவதுதான் ஒரே வழியா என்றால், கேஸும் நிலத்தடி எண்ணெய் வளத்திலிருந்து வருவதே. அதன் விலையும் நம் கையில் இல்லை. ஆயினும் குசினியில் நிற்பவரின் நெஞ்சுக்கு அது விறகைவிட எவ்வளவோ மேல். வசதியுள்ளவர் அதைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. வசதியில்லாதவர் விறகையே புகையின்றி எரிக்கும் வழியைத் தேடட்டும்.

நம் கையில் இருப்பவை

அந்த வழி அரிதானதல்ல. 'அனகி' என்ற களிமண் அடுப்பு நமது நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. குயவர்கள் வனைவது. ஒரு தீயில் இரண்டு பானைகள் வேகும். விறகும் குறையும், புகையும் குறையும். அதற்கு மேலே ஒரு புகைபோக்கியும், எதிரெதிரே இரு ஜன்னல்களும் இருந்தால் குசினியின் நிலையே மாறிவிடும்.

விறகை மழையில் நனையவிடாமல் அடுக்கி, நன்றாகக் காயவைத்துச் சிறிதாகப் பிளந்து எரியுங்கள். ஈர விறகுதான் அதிகம் புகையும். பானையை மூடிச் சமையுங்கள். கடலை, பயறு வகைகளை முன்னிரவில் ஊறவையுங்கள். தீ மூட்டுவதற்காக ஷொப்பிங் பேக்கையோ பிளாஸ்டிக்கையோ எரிக்காதீர்கள். அதன் புகை நஞ்சு. முற்றத்தில் குப்பையைக் கூட்டி எரிக்கும் வழக்கத்தையும் விடுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பின் முன் நிற்காதீர்கள். பிள்ளை பெற்ற வீட்டில் கதவை அடைத்துக்கொண்டு சாம்பிராணிப் புகை போடுவது நம்மிடையே வழக்கம். வாசனையில் தவறில்லை. ஆனால் பிறந்து சில நாளேயான நுரையீரல் அந்தப் புகையைத் தாங்காது. அறையைத் திறந்து வையுங்கள், குழந்தையை அப்புறப்படுத்துங்கள்.

இதைப் படிக்கும் ஆண்களுக்கும் ஒரு சொல். வீடு கட்டும்போது முன்மண்டபத்துக்கு மாபிள் பதிக்கிறோம், வாசலுக்கு இரும்புக் கதவு போடுகிறோம். குசினியைப் பின்புறத்தில் தகரம் இறக்கி முடித்துவிடுகிறோம். புகைபோக்கி வைக்க வேண்டும் என்று மனைவி கேட்டால், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறோம். அந்தப் புகையில் நிற்பவர் நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா? ஒரு நாட்டின் வாக்கு நிறைவேறாவிட்டால் கேள்வி கேட்கும் நாம், வீட்டின் பொறுப்பை மறக்கலாமா?

பள்ளிவாசல் நிர்வாகிகளும் சற்றுச் சிந்திக்கட்டும். நோன்பு மாதத்தில் கஞ்சி காய்ச்சும் பெரிய அடுப்பின் அருகே ஒருவர் முப்பது நாளும் அசர் நேரம் வரை புகையில் நிற்கிறார். அவருக்கு ஒரு புகைபோக்கி கட்டிக் கொடுப்பதற்குப் பெரிய செலவாகாது.

சகோதரிகளே! தேர்தல் காலத்தில் உங்கள் வாசலுக்கு வருபவர்களிடம் பாதைக்குக் கொங்கிறீட் கேட்கிறீர்கள், குழாய்நீர் கேட்கிறீர்கள். இனிமேல் இதையும் கேளுங்கள்: "உலகத்துக்கு வாக்குக் கொடுத்தீர்களே, அதிலே எங்கள் அடுப்புக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? வறிய குடும்பங்களுக்கு நல்ல அடுப்பு கிடைக்குமா? பிள்ளைகளின் பாடசாலைக்கு அருகே காற்றை யார் அளக்கிறார்கள்?" வெளிநாட்டு நிதி வரும்போது, கேட்டுப் பெறத் தெரிந்தவர்களின் குசினிக்கே அது முதலில் போய்ச் சேரும்.

நாளைக் காலை உலை வைக்கும்போது, அண்ணாந்து குசினியின் ஓட்டைப் பாருங்கள். அங்கே கறுப்பாய்ப் படிந்திருக்கும் கரி, ஓட்டில் மட்டும் படியவில்லை. அதைக் கணவருக்கும் காட்டுங்கள். இந்த மாதச் செலவுக் கணக்கில் புகைபோக்கிக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள்.